கப்பல் ஏட்டில் ஒரு வரி

பள்ளியில் சேரும் நாளில் உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கும்: "உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது?" சட்டைக் கையை மடித்துக் காட்டியிருப்பீர்கள். வலது முழங்கையில் ஒரு கரிய மச்சம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு எனச் சேர்க்கைப் பதிவேட்டிலும் பின்னர் மாற்றுச்சான்றிதழிலும் இரண்டு அடையாளங்கள் எழுதப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஜூன் மாதந்தோறும் அந்தக் கட்டத்தை நான் நிரப்பி வருகிறேன். எளிதில் மச்சம் தென்படாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஒன்றைக் கண்டுபிடிக்கப் பெற்றோர் படும் பாடு தனிக்கதை.

அதே கட்டத்தை வேறோர் ஏட்டில் கண்டபோது சற்றுத் திடுக்கிட்டேன். அது நூறாண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவிற்குக் கூலிகளாகச் சென்றோரின் கப்பல் ஏடு. அதன் படியொன்று என் மேசைக்கு வந்த கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அந்த ஏட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நேட்டால் அப்போது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்தது. அங்குக் கரும்புத் தோட்டம் அமைத்த வெள்ளையர்க்கு உழைக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை, இடையில் சில ஆண்டுகள் நின்றும் மீண்டும் தொடர்ந்தும், சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

இத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வரி எழுதப்பட்டது. தாயின் இடுப்பில் இருந்த குழந்தைக்கும் தனி வரி, தனி எண். எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டங்கள் நீளும். இன்ன தோட்ட முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்பதும், பிற்காலத்தில் இறந்தார், மீண்டும் ஒப்பந்தம் செய்தார், தாயகம் திரும்பினார் என்பனவும் அவ்வெண்ணை ஒட்டியே குறிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவரைப் பற்றி, அவர் பிறந்த நாட்டில் எவரும் எழுதி வைக்காத செய்திகள் இவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த ஏழைப் பெண்ணின் உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று வேறெந்த ஆவணத்தில் காண முடியும்?

இவ்வளவு அக்கறை எதனால்? ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. முதலாண்டில் மாதக்கூலி பத்து ஷில்லிங்; ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் கூடும். அந்த ஐந்தாண்டும் தோட்டத்தை விட்டு எழுத்துமூலமான இசைவின்றி வெளியே செல்வது குற்றம். தப்பிச் சென்றவரைப் பிடித்து வந்தால் அவர்தாமா என்று உறுதி செய்ய உயரமும் தழும்பும் பயன்படும். நம் பகுதியில் மலைமாடு மேய்ப்போர், காட்டில் கலந்துவிட்டாலும் தம் மாட்டை அறிந்துகொள்ளச் சூட்டுக்குறி இடுவதுண்டு. கப்பல் ஏட்டின் நோக்கமும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. மொரீசியசுத் தீவில் இன்னும் ஒருபடி மேலே சென்று, 1860களின் பிற்பகுதியில் ஒப்பந்தம் முடித்த கூலிகளுக்கு ஒளிப்படம் ஒட்டிய சீட்டு வைத்திருக்கும்படி சட்டமே செய்தனர். அப்படங்கள் இன்று மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. படம்பிடிக்கும் கருவியை முதன்முதலாகக் கண்ட முகங்கள். பெரும்பாலானவற்றில் சிரிப்பு இல்லை.

ஏட்டை எழுதியவருக்குத் தமிழ் ஒலிகளோடு பழக்கம் போதாது. ளகரமும் ழகரமும் அவர் செவியில் ஒன்றாயின. முனிசாமி ஆங்கில எழுத்தில் 'மூன்சாமி' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனதும், கவுண்டர் 'கவெண்டர்' ஆனதும் இவ்வாறே. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரீயூனியன் தீவில் இதே பெயர்கள் பிரெஞ்சு எழுத்துமுறையில் வேறொரு கோலம் பூண்டன. இராமசாமி அங்கே 'ரமஸ்ஸமி'. இதைவிட வியப்பான மாற்றம் மற்றொன்று உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். ஆங்கிலேயர் வழக்கிலோ குடும்பப்பெயர் இல்லாத மனிதர் இல்லை. ஆகவே கப்பலில் வந்தவரின் இயற்பெயரே அவர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப்பெயராகப் பதிந்துவிட்டது. பெருமாள் என்றொருவர் கரும்பு வெட்டச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். இன்று டர்பனில் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருக்கும் அவருடைய கொள்ளுப்பேரர் அனைவரும் 'பெருமாள்'களே. ஊரில் தங்கியிருந்தால் மூன்றாம் தலைமுறையில் அவர் பெயர் மறந்து போயிருக்கும். எழுத்தர் செய்த பிழையால் ஒரு பெயர் பிழைத்தது.

இந்த ஏடுகளைப் பொறுமையாகப் படித்தவர்கள் உண்டு. சுரேந்திர பானா என்னும் தென்னாப்பிரிக்க வரலாற்றறிஞர் 1860 முதல் 1902 வரையிலான கப்பல் ஏடுகளை ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். பிஜித் தீவிற்குச் சென்றோரின் பயணச் சீட்டுகளை, அத்தீவிலேயே ஒப்பந்தக் கூலியின் பேரராகப் பிறந்த பிரிஜ் லால் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டவை கல்கத்தாவிலிருந்து சென்ற ஏறத்தாழ 45,000 பேரின் சீட்டுகள். ஒரு சீட்டு ஒரு மனிதரைப் பற்றிச் சிறிதே சொல்லும். ஆயிரக்கணக்கில் அடுக்கினால் பேசத் தொடங்கும். எந்த மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டில் எத்தனை பேர் கிளம்பினர், தனியாகச் சென்ற பெண்கள் எத்தனை பேர், குடும்பமாகச் சென்றோர் எத்தனை பேர் என்பனவெல்லாம் தெரியவரும். நேட்டாலுக்குச் சென்ற தமிழருள் வட ஆர்க்காட்டார் மிகுதி என்பதை இந்த ஏடுகளே காட்டின. பெண்கள் எல்லாரும் ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அல்லது ஒழுக்கம் பிறழ்ந்தவர்கள் என்று அக்காலத்து அதிகாரிகள் எளிதாக எழுதிவிட்டனர். கணவனை இழந்தும், பஞ்சத்தில் குடும்பம் சிதறியும், தாமே முடிவெடுத்துக் கப்பலேறியவர்கள் அவர்களுள் இருந்தனர் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் வெளிப்படுத்தின.

எனினும் ஏடு கேளாத கேள்விகள் உண்டு. ஏன் போகிறாய் என்று ஒரு கட்டம் இல்லை. போனபின் என்ன நேர்ந்தது என்பதற்கும் இடமில்லை. 1894இல் டர்பனில் காந்தியடிகளின் அலுவலகத்திற்குக் கிழிந்த உடையுடன், தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி ஒரு தமிழர் வந்தார். பாலசுந்தரம் என்பது அவர் பெயர். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் குருதி வழிந்தது. காந்தியடிகள் அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்று பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்று, வேறொரு முதலாளியிடம் மாற்றிக் கொடுத்தார். அச்செய்தி கூலித் தமிழரிடையே பரவியதையும், தம் தலைப்பாகையை எடுத்துவிட்டுத்தான் வெள்ளையர் முன் நிற்க வேண்டும் என்றிருந்த நிலை தம்மை வருத்தியதையும் அவர் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். நான் அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடைசிக் கட்டம்தான் நினைவிற்கு வரும். கப்பலேறும் முன் பற்கள் போயிருந்தால் அது அடையாளம், எழுதிக்கொள்வார்கள். கப்பலிலிருந்து இறங்கிய பின் போனால் எழுத ஏட்டில் இடமில்லை.

இந்த இடத்தில் சீனர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர் கப்பலேறிய அதே காலத்தில், தென்சீனக் கரையிலிருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்தனர். 1847 முதல் 1874 வரை கியூபாத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். கொடுமைகளைப் பற்றிய செய்தி வரவே, சீன அரசு 1874இல் சென் லான்பின் என்னும் அதிகாரியின் தலைமையில் ஒரு குழுவைக் கியூபாவிற்கு அனுப்பியது. அக்குழு தோட்டங்களுக்கும் சிறைகளுக்கும் சென்று 1,176 பேரின் வாக்குமூலங்களை எழுதிக்கொண்டது. 85 மனுக்களையும் பெற்றது. எப்படி ஏமாற்றப்பட்டேன், எத்தனை கசையடி பட்டேன், என்னுடன் வந்தவன் எப்படி இறந்தான் என்று கூலிகளே தம் வாயால் சொன்னவை அவை. அந்த அறிக்கைக்குப் பின் கியூபாவிற்குச் சீனக் கூலிகளை அனுப்பும் வணிகம் முடிவுக்கு வந்தது. கப்பல் ஏடு சொல்லாமல் விட்டதை அந்த வாக்குமூலங்கள் சொல்லின. நேட்டாலில் நம்மவர் சொன்னவற்றையும் அந்த அளவிற்கு யாரேனும் அன்றே தொகுத்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அமெரிக்காவிற்குச் சென்ற சீனரின் கதை வேறு. அங்கே 1882இல் சீனத் தொழிலாளர் நுழையக் கூடாது என்று சட்டமே இயற்றினர். வணிகர், மாணவர் போன்ற சிலர்க்கும் அமெரிக்க மண்ணில் பிறந்தோர்க்கும் மட்டும் வழி இருந்தது. ஆதலின் கப்பலில் வந்த ஒவ்வொரு சீனரைப் பற்றியும் வெளியே நிறுத்தும் நோக்குடன் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. கான்டன் பகுதியில் பெயருக்கு முன் அன்பாகச் சேர்த்து அழைக்கும் 'ஆ' என்னும் ஒலியை எழுத்தர்கள் பெயரின் பகுதியாகவே எழுதிவிட்டதால், ஏடுகளில் 'ஆ' என்று தொடங்கும் பெயர்கள் மலிந்தன. நம் முனிசாமிகளுக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிலநடுக்கமும் பெருந்தீயும் ஏற்பட்டு, நகரத்துப் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அதன்பின், 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று சொன்ன சீனரை மறுக்க அரசிடம் தாள் இல்லை. அவ்வாறு குடியுரிமை பெற்றவர், சீனத்தில் தமக்குப் பிள்ளைகள் உண்டு என்று பதிந்து, அந்தப் பெயரில் பிறர் பிள்ளைகளை வரவழைத்தனர். 'காகிதப் பிள்ளைகள்' என்று அவர்களுக்குப் பெயர். அதிகாரிகளும் விடவில்லை. 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் அவர்களை அடைத்துவைத்து வினவினர்: உன் வீட்டு வாயிலில் எத்தனை படி? ஊர்க்கிணறு எந்தத் திசையில்? மூன்றாம் வீட்டில் குடியிருப்பவர் யார்? தந்தை சொன்ன விடையும் மகன் சொன்ன விடையும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் வீட்டிற்கு எத்தனை படி என்று இப்போது எண்ணாமல் சொல்ல முடியுமா என்று முயன்று பாருங்கள்.

இனி, அந்தப் படி என் மேசைக்கு வந்த கதை. சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து ஒரு முதியவர் தம் மகளுடன் கம்பத்திற்கு வந்தார். விடுதிக்காரர் அவரை எங்கள் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். பழைய செய்தி என்றால் தமிழாசிரியருக்குத் தெரியும் என்பது நம் ஊர் நம்பிக்கை. முதியவருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். கையில் கப்பல் ஏட்டுப் பக்கத்தின் நகலொன்றை நெகிழி உறையிலிட்டு வைத்திருந்தார். அதில் ஒரு வரியின் கீழ் மெல்லிய கோடு. அவருடைய பாட்டனாரின் தந்தை, வயது இருபத்திரண்டு, இடது முழங்காலுக்குக் கீழ் தழும்பு. ஊர் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் 'கம்பம்' என்றிருந்தது.

இரண்டு நாள் ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். சுருளி அருவியில் நீராடியிருக்கிறார்கள். முல்லைப் பெரியாற்றங்கரையில் நின்று வயலைப் படம் எடுத்திருக்கிறார்கள். கரையில் ஒரு பிடி மண் எடுத்து உறையில் கட்டி வைத்திருப்பதாக மகள் சொன்னார். நான் நகலை வாங்கிப் படித்தேன். ஜில்லா என்ற கட்டத்தில் எழுத்து மங்கியிருந்தது. அது 'மதுரை' என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். இப்பள்ளத்தாக்கு அன்று மதுரை ஜில்லாவின் பெரியகுளம் தாலுகாவைச் சேர்ந்தது. தேனி மாவட்டம் பிறந்தது 1996இல்தான். ஆனால் மதுரைக்குரிய முதலெழுத்து அங்கே இல்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது 'கர்நூல்' என்று தெளிந்தது.

கர்நூல் ஜில்லாவில் ஒரு கம்பம் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு ஊருக்கும் எழுத்து ஒன்றே. அன்றைய சென்னை மாகாணத்தில் இரண்டும் அடக்கம். இன்று அந்தக் கம்பம் ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. விசயநகரக் காலத்துப் பெரிய ஏரியொன்று அவ்வூருக்குப் புகழ். இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதியவரோ தம் பாட்டி தாலாட்டாகப் பாடிய பாட்டொன்று நினைவிருக்கிறது, பொருள் தெரியாது, கேட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு மெல்லப் பாடத் தொடங்கினார். எனக்கு விளங்கவில்லை. அறையில் என்னுடன் கணக்காசிரியர் இருந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். நம் பள்ளத்தாக்கில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வாழ்வதை நீங்கள் அறிவீர்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "வான என்கிறாரே, மழையைச் சொல்கிறார். இது தெலுங்குங்க ஐயா" என்றார்.

ஏடும் பாட்டும் ஒரே திசையைக் காட்டின. இரண்டையும் சேர்த்து நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. மகள்தான், "அப்படியானால் இந்த மண்?" என்று கேட்டார். கணக்காசிரியர் தயங்கவில்லை. "இதுவும் கம்பத்து மண்தானே அம்மா, வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். முதியவர் சிரித்துவிட்டார். நகலில் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் வடக்கே புறப்பட்டுப் போனார்கள். அவர்கள் சென்றபின் கணக்காசிரியர் கேட்டது எளிய கேள்வி: "நம்ம கம்பத்திலிருந்து போனவர்கள் இந்த ஏட்டில் இல்லையா?"

மதுரைச் சீமையிலிருந்து நேட்டாலுக்குச் சென்றவர்களும் உண்டு. ஆனால் நம் பகுதியின் பெருவழி வேறு. தாது வருடப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லும் 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்கு முன்னும் பின்னும், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மக்கள் இலங்கைக்குச் சென்றனர். 'கண்டிச் சீமை' என்பது அவர்கள் வழக்கு. கங்காணி முன்னே செல்ல, கடற்கரைவரை நடந்து, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர் பலர். இந்தப் பயணத்திற்கு நேட்டாலைப் போல ஒப்பந்தப் பத்திரம் இல்லை. ஆளுக்கொரு வரியும் இல்லை. கங்காணியின் கணக்கில் கடன் இருந்தது. ஒருவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு விடுவிக்கத் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. அதுவும் கடனைச் சொல்லும் சீட்டே. 1901ஆம் ஆண்டளவில் கழுத்தில் தொங்கவிடும் தகரவில்லை வந்தது. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் இருந்தன. பெயரோ ஊரோ பொறிக்கப்படவில்லை.

என் அப்பத்தாவின் அண்ணன் அவ்வாறு சென்றவர். மண்டபத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. தோட்டத்திலிருந்து, யாரோ எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. தோட்டத்தின் பெயர் அப்பத்தாவிற்குத் தெரியும். ஆனால் அது தோட்டத்துத் தமிழர் தமக்குள் வழங்கிய பெயர். ஆங்கிலத் துரைமார் இட்ட பெயர்களை நம்மவர் தம் வாய்க்கேற்ப மாற்றியோ முற்றிலும் புதிதாகவோ வைத்துக்கொண்டனர். அவை அரசுப் பட்டியலில் இரா. துரையின் எழுத்தர் நம் பெயரைச் சிதைத்தது போலவே நாமும் அவர்கள் பெயரைச் சிதைத்தோம் என்று நினைத்தால் சிறிது சிரிப்பு வரும். ஆனால் அதனால் தேடுபவருக்கு நேர்ந்த இடர் சிரிப்பிற்குரியதன்று.

எழுதப்படாமையின் விலை 1948இல் தெரிந்தது. விடுதலை பெற்ற இலங்கை அவ்வாண்டு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அதன்படி தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். தோட்டத்து லயன் அறைகளில் பிறந்தோர் பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. காட்டுவதற்குத் தாளில்லாதவர் நாடற்றவர் ஆயினர். மறு ஆண்டு வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தனர். குடியுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானோர்க்கே. மூன்று தலைமுறையாக அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களை 'நீங்கள் யார்?' என்று கேட்டனர். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எண்கள் முன்னால் முடிவாகிவிட்டன. பெயர்கள் பின்னால் நிரப்பப்பட்டன. மிஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை முடிக்க இலங்கை 2003இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பல் வந்த அந்த ஆண்டுகளில், கண்டியிலிருந்து யாரேனும் நம் பக்கம் குடியேறினார்கள் என்று கேள்விப்பட்டால் அப்பத்தா போய்ப் பார்ப்பார். வெற்றிலையைக் கொடுத்துவிட்டு, அண்ணன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லி விசாரிப்பார். அடையாளம் கேட்பார்கள். நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு, சின்ன வயதில் பனைமட்டை கிழித்தது என்பார். அந்தக் கட்டத்தை அவர் மனத்திலேயே எழுதி வைத்திருந்தார்.

மொரீசியசில் வாழும் இந்திய வம்சாவளியினரில் ஏழாம் தலைமுறையினரும் இந்தியாவின் 'கடல்கடந்த குடிமக்கள்' அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அத்தீவில் அறிவித்தார். அத்தீவினர் தம் மூதாதையைத் தேடிச் செல்லும் இடம் மோக்காவில் உள்ள அதே பழைய ஏடுகள்தாம். ஆளைப் பிடிக்க எழுதிய ஏடு ஆளின் பேரப்பிள்ளைக்கு உரிமைச் சான்றாகிவிட்டது. எழுதியவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். நேட்டாலுக்குச் சென்றோரின் ஏடு மட்டும் அந்தக் காலத்திலேயே அவர்களுக்கு நீதி பெற்றுத் தந்தது என்று எண்ணிவிட வேண்டா. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்புவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. அவ்வரியை விதிக்கவும் ஏடே உதவியது. அதை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்று, வெளிவந்த சில நாள்களிலேயே, 1914 பிப்ரவரி 22இல் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையை உங்களுக்குத் தெரியும். வரி அவ்வாண்டு நீக்கப்பட்டது.

இன்றும் நம் ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் கிளம்புகின்றன. கம்பம், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் செல்கிறார்கள். வகுப்பில் உங்களுள் சிலரின் தாய்மார் அவற்றில் செல்பவர்களாக இருக்கலாம். ஓட்டுநர் தலையை எண்ணுவார், வண்டி நகரும். மாலையில் மீண்டும் எண்ணுவார். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை மூடப்பட்டபோது, மெட்டைக் கடக்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்றார்கள். பாட்டி காலம் முதல் ஏறி இறங்கிய மலைதான். ஆனால் இன்ன தோட்டத்தில் இத்தனை ஆண்டு வேலை செய்கிறேன் என்று காட்ட அவர்களுள் பலரிடம் ஒரு தாளும் இல்லை.

என் மாணவி ஒருத்தி அந்த ஆண்டிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். அவள் தாயார் இரவில் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்: தேதி, தோட்டத்தின் பெயர், வண்டி எண், வேலை, கூலி, அன்று உடன் வந்தவர்களின் பெயர்கள். தோட்டத்தின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதும்படி தாயார் சொல்லியிருக்கிறாராம். ஒருநாள் பக்கத்தில், மழைக்கு வழுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டது என்று ஒரு வரி இருந்தது. அடுத்த மூன்று நாளுக்குக் கூலி என்ற இடத்தில் கோடு. இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது.